பாட்டு ரெக்கோட் பண்ணும்போது சத்தம் அறுந்து அறுந்து வருகிறது, அவசரம்

வாவிக்கரை:
வீட்டு லப்டொப்பில் ரெக்கோட் பண்ணுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று டிக் என்று ஒரு வெட்டு, அப்புறம் சரியாகிவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெட்டு. ஞாயிற்றுக்கிழமை அண்ணாவியார் வாறார், வயது போன மனுஷன், இன்னொரு தரம் வந்து பாடுங்க என்று கேட்க ஏலாது. தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்க.

காரைதீவான்:
தம்பி, என்ன லப்டொப், எந்த சொப்ட்வெயார், மைக்கை நேரே குத்தியிருக்கிறீங்களா இல்லை நடுவில் மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டி இருக்கா, பஃபர், அதாவது கொம்பியூட்டர் ஒரு தரத்தில் எடுக்கிற சத்தத் துண்டின் அளவு, எவ்வளவு? இதெல்லாம் தெரியாமல் என்னத்தைச் சொல்ல?

கல்முனைக்குடி:
ஹார்ட் டிஸ்க் பழசாக இருக்கும். எழுதி முடிக்க முன்னம் அடுத்தது வந்துவிடும், அதுதான் வெட்டு. அதைக் கழற்றி வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்க, பிரச்சினை முடிஞ்சுது.

கரண்ட்காரன்:
எஸ்எஸ்டியால் ஒன்றும் ஆகாது. எங்கட பக்கம் பின்னேரமானால் வோல்டேஜ் இறங்கும். எர்த் ஒழுங்காக இருக்கா என்று முதலில் பாருங்க. என்ட வீட்டில் அம்ப்பில் இரைச்சல் வந்தது எர்த்தால்தான்.

சுருதிப்பெட்டி:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்றால் ஒரு செக்கனுக்கு 288 கிலோபைட். நல்ல நிலையில் இருக்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதைவிடப் பல மடங்கு வேகமாக எழுதும். எர்த் கோளாறு என்றால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இடைவிடாமல் கேட்கும், இப்படி வெட்டு வராது. பஃபர் என்றால் என்னவென்று படித்துவிட்டு ரெக்கோடிங்கில் கை வைப்பது நல்லது.

மீன்மகள்:
கணக்கு சரிதான் அண்ணா, ஆனால் அவசரத்தில் வந்தவரிடம் போய்ப் படி என்றால் எப்படி? வாவிக்கரை, ஒரு விசயம் பார்த்துச் சொல்லுங்க. வெட்டு ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கிறதா, இல்லை ஃபைலிலும் பதிவாகியிருக்கா? ஃபைலைத் திறந்து அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. அலை பாதியில் அறுந்து வேறு இடத்துக்குக் குதித்திருந்தால் உள்ளே வந்த சத்தமே தொலைந்திருக்கிறது. அப்படியென்றால் பாட்டின் நீளமும் அந்தளவுக்குக் குறையும், பிறகு வேறு ட்ராக்கோடு சேர்த்தால் பொருந்தாது.

வாவிக்கரை:
ஃபைலிலும் இருக்கு. விண்டோஸ் 10, ரெக்கோட் பண்ண ரீப்பர் சொப்ட்வெயார், ரெண்டு மைக் குத்துகிற யூஎஸ்பி இன்டர்ஃபேஸ். பஃபர் 64, குறைவாக வைத்தால்தான் நல்லது என்று வீடியோவில் சொன்னார்கள். லப்டொப்பில் ரெண்டு போர்ட்தான், அதனால் ஒரு போர்ட்டைப் பலதாக்குகிற ஹப்பில் போட்டிருக்கு, மௌஸும் பென்டிரைவும் அதில்தான்.

காரைதீவான்:
ஹப்! இதை முதலே சொல்லியிருக்கலாமே தம்பி.

மீன்மகள்:
44,100இல் 64 சாம்பிள் என்றால் ஒன்றரை மில்லிசெக்கன்கூட இல்லை. ஒவ்வொரு தரமும் அதற்குள் கொம்பியூட்டர் தன் வேலையை முடித்தாக வேண்டும். இடையில் வைஃபை டிரைவரோ பட்டரியைப் பார்க்கிற டிரைவரோ கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தால் போச்சு, அங்கே ஒரு வெட்டு. 512 வையுங்க, 11.6 மில்லிசெக்கன் கிடைக்கும். பாடுகிறவருக்குத் தன் குரல் பிந்திக் கேட்குமே என்று யோசிக்க வேண்டாம், இன்டர்ஃபேஸில் டிரெக்ட் மொனிட்டர் இருந்தால் அதைப் போட்டுவிட்டு ரீப்பரில் மொனிட்டரிங்கை நிறுத்துங்க, குரல் கொம்பியூட்டருக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும். மௌஸோடும் பென்டிரைவோடும் ஒரே போர்ட்டைப் பங்குபோடாமல் இன்டர்ஃபேஸ் லப்டொப்பில் நேரே இருக்கட்டும், ஹப்பை மௌஸுக்கு வைத்துக்கொள்ளுங்க. இன்டர்ஃபேஸ் செய்த கொம்பனியின் சொந்த அசியோ (சத்தம் பிந்தாமல் போய்வரச் செய்கிற) டிரைவர்தானா என்றும் பாருங்க. பவர் செட்டிங்கில், யூஎஸ்பியைத் தானாகத் தூங்க வைக்கிற யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்க, வைஃபையையும் நிறுத்துங்க. அதற்குப் பிறகும் வந்தால் லேட்டன்சிமொன் என்று ஒரு சொப்ட்வெயார் இருக்கு, எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று காட்டும்.

கல்முனைக்குடி:
எஸ்எஸ்டி போட்டால் லப்டொப்பே வேகமாகும், அதைத்தான் நான் சொன்னது.

காரைதீவான்:
அது கிடக்கட்டும். தம்பி, அண்ணாவியார் என்றால் கூத்துப் பழக்குகிறவர்தானே, அப்ப கூத்துப் பாட்டா? காதில் டிக் டிக் என்று தாளம் எண்ணுகிற கிளிக் போட்டுப் பாட வைக்கப் போறீங்களா?

வாவிக்கரை:
ஓம், தென்மோடிக் கூத்து. முதலில் கிளிக்குக்கு மத்தளம், பிறகு அதைக் கேட்டுப் பாட்டு, கடைசியில் சல்லரி (கைத்தாளம்) என்று எடுக்கத்தான் யோசனை. மைக் ரெண்டுதானே.

காரைதீவான்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீங்க. அண்ணாவியார் மத்தளத்தை அடித்துக்கொண்டே பாட்டையும் கொண்டுபோகிறவர். தாளமில்லாத விருத்தத்தில் இழுப்பார், தாளத்தோடு பாடுகிற தருவுக்கு வந்ததும் கை மாறும், எங்கே இறுக்குவது என்று அவருக்குத்தான் தெரியும். கிளிக்கைக் காதில் கொடுத்தால் அந்த மனுஷன் கிளிக்குக்குப் பின்னால் ஓட வேண்டிவரும். அவருக்குப் பின்னால் திருப்பிப் பாடுகிற பிற்பாட்டுக்காரரையும் கூட்டிவந்து எல்லாரையும் ஒன்றாக இருத்தி எடுங்க.

சுருதிப்பெட்டி:
ஒன்றாக எடுத்தால் மத்தளச் சத்தம் குரல் மைக்கில் ஏறும், பிறகு ஒன்றையும் திருத்த முடியாது. முறையான ரெக்கோடிங் என்றால் தனித்தனி ட்ராக்தான்.

காரைதீவான்:
எதற்கு அண்ணா திருத்த வேண்டும்? கூத்து ஆடுகிற களரியில் யார் திருத்தினார்கள்? சினிமாப் பாட்டுக்குச் சரியான முறை கூத்துக்குச் சரிவராது.

மீன்மகள்:
கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படித்தவள் என்ற முறையில் நானும் காரைதீவான் பக்கம்தான். ரெண்டு மைக் போதும். ஒன்று வாய்க்குக் கிட்ட, மற்றது மத்தளத்துக்கும் பிற்பாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தள்ளி. ஒருவருக்கும் ஹெட்ஃபோன் தேவையில்லை, அதனால் பஃபரை 1024கூட வைக்கலாம், பிந்துகிறதே என்ற கவலையே இல்லை. முக்கியமானது இன்னொன்று: இப்படி ஒருவரை எடுக்கும்போது லப்டொப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு போனை ஃபிளைட் மோடில் போட்டு, முன்னால் வைத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிடுங்க.

கரண்ட்காரன்:
சாஜரைக் கழற்றிப் பட்டரியில் எடுத்துப் பாருங்க, அப்ப தெரியும் நான் சொன்னது சரியா என்று.

மீன்மகள்:
பட்டரிக்கு மாறினால் விண்டோஸ் வேகத்தைக் குறைக்கலாம், அப்ப வெட்டு இன்னும் கூடும். இரைச்சல் இல்லாதவரைக்கும் சாஜர் இருக்கட்டும்.

வாவிக்கரை:
நேரே குத்தி, 512 வைத்து, வைஃபையை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். வெட்டு இல்லை. கிளிக் வேண்டாம் என்று முடிவு, பிற்பாட்டுக்கு ரெண்டு பேருக்குச் சொல்லியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

சுருதிப்பெட்டி:
மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பார்த்து எழுதுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

காரைதீவான்:
ஞாயிறு முடியட்டும் அண்ணா. தம்பி, எடுத்த பிறகு ஒரு துண்டாவது போடுங்க, கேட்க ஆசையாக இருக்கு.