7 குறுக்காக: அந்த ‘ப்’ யாருடையது?

ஞாயிறுகாபி (ஞாயிறு, காலை 9.10)
இந்த வாரக் குறுக்கெழுத்துப் புதிரில் 7 குறுக்காக எப்படி வந்தது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். குறிப்பு: “சிரிக்கப் பல் வரிசை நடுவே கடலில் போவது (4)”. அடைப்பில் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு. விடை கப்பல். ‘கடலில் போவது’ விடையின் நேர்ப்பொருள். ‘நடுவே’ என்றால் முன்னால் உள்ள சொற்களுக்குள்ளே தேடு என்று அர்த்தம். சிரிக்(கப் பல்) வரிசை. அவ்வளவுதான். இந்த வருடம் வந்ததிலேயே நேர்மையான குறிப்பு இதுதான். ஓர் எழுத்து கூடுதல் இல்லை, குறைவில்லை.

பென்சில்சீவி (9.24)
நேர்மையா? காபியை முழுசாகக் குடித்துவிட்டு எழுதியிருக்கலாம். கப்பலில் இருக்கும் ‘ப்’ யாருடையது? ‘சிரிக்க’ என்ற சொல்லில் அது இல்லை. ‘பல்’லிலும் இல்லை. இரண்டும் பக்கத்தில் உட்கார்ந்ததால் முளைத்த ஒற்று. அதை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ‘கபல்’. கபலில் ஏறி யாரும் அந்தமான் போனதில்லை.

புதுசு (9.31)
வணக்கம். 12 நெடுக்காக யாராவது சொல்ல முடியுமா?

கட்டக்காரன் (9.40)
புதிர் போட்டவன் நான்தான், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். அச்சில் இருந்தால் அது எழுத்து. எண்ணிப் பாருங்கள்: சி, ரி, க், க, ப், ப, ல், வ, ரி, சை. மொத்தம் பத்து. முன்னால் மூன்று, பின்னால் மூன்று, மிச்சம் நாலும் கப்பல். ‘நடுவே’ என்று சும்மா போடவில்லை, சரிநடுவே. இதற்காக ஒரு ராத்திரி தூங்கவில்லை.

பென்சில்சீவி (9.52)
தூங்கியிருக்கலாம்.

போன மாதம் நீங்கள் கொடுத்த குறிப்பு ஞாபகம் இருக்கிறதா? “வாடைப் பா மாற்றித் தந்தால் இடுப்பில் கட்டலாம் (3)”. விடை பாவாடை. வா, டை, பா மூன்றையும் கலைத்துப் போட வேண்டும். அங்கேயும் நடுவில் ஒரு ‘ப்’ நின்றுகொண்டிருந்தது. அதையும் சேர்த்தால் நாலு எழுத்து, கட்டமோ மூன்று. அன்றைக்கே கேட்டேன். “ஒற்று புணர்ச்சியில் வந்தது ஐயா, கணக்கில் சேராது” என்று பதில் எழுதினீர்கள். இப்போது கப்பலுக்கு மட்டும் சேருமா? பாவாடைக்கு ஒரு சட்டம், கப்பலுக்கு ஒரு சட்டமா?

தமிழ்மிஸ் (10.05)
இலக்கணம் தெரியாமல் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள். உயிர்முன் க ச த ப மிகும் என்று நன்னூல் 165ஆம் சூத்திரத்திலேயே இருக்கிறது. ‘சிரிக்க’ செய என்னும் வாய்பாட்டு எச்சம். ‘படிக்கப் புத்தகம் வாங்கினான்’ என்று எழுதுகிறோம் இல்லையா, அதேதான். அந்த ‘ப்’ வந்தே தீர வேண்டும். போடாவிட்டால்தான் பிழை.

பென்சில்சீவி (10.11)
டீச்சரம்மா, வருமா வராதா என்று நான் கேட்கவே இல்லை. 31 வருடம் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தியவன், எங்கே ஒற்று மிகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். விடுபட்ட ஒற்றுக்காக முதலாளியிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. வந்த பிறகு எண்ணலாமா என்பதுதான் கேள்வி. கப்பலில் எண்ணினால் பாவாடையிலும் எண்ண வேண்டும். பாவாடையில் விட்டால் கப்பலிலும் விட வேண்டும். இதில் எது புரியவில்லை?

ஞாயிறுகாபி (10.15)
பாவாடையை விடுங்கள் சார்.

பென்சில்சீவி (10.16)
விட மாட்டேன்.

லண்டன்மாமா (10.38)
ஆங்கிலத்தில் இதையெல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். அப்சர்வர் பத்திரிகையில் டார்க்கிமாடா என்ற புனைபெயரில் ஒருவர் புதிர் போட்டுவந்தார். அவருக்குப் பிறகு 1939இல் சிமனீஸ் வந்தார். 1966இல் அவர் விதிமுறைகளைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். நேர்ப்பொருள் ஒன்று, சொல்விளையாட்டு ஒன்று, வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் சாரம். விடையைச் சொற்களுக்குள் ஒளித்துவைக்கும் குறிப்புகளில் இடைவெளியையும் காற்புள்ளியையும் கண்டுகொள்ள மாட்டார்கள். நம் ஒற்றையும் அப்படி வைத்துக்கொண்டால் போயிற்று.

தமிழ்மிஸ் (10.44)
காற்புள்ளியும் ஒற்றும் ஒன்றா மாமா? மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை உண்டு. காற்புள்ளிக்கு என்ன உண்டு? தவிர, ஒற்றைக் கண்டுகொள்ளாவிட்டால் கிடைப்பது கபல்தானே. நீங்கள் யார் பக்கம்?

லண்டன்மாமா (10.47)
நான் விதியின் பக்கம்.

கட்டக்காரன் (11.02)
டார்க்கிமாடா, சிமனீஸ் இரண்டுமே ஸ்பெயினில் மதவிசாரணை நடத்தியவர்களின் பெயர்கள். பென்சில்சீவி ஐயா புனைபெயரை மாற்ற நினைத்தால் மூன்றாவதாக ஒரு பெயரைத் தேடித் தருகிறேன்.

சரி, இப்போது விளக்கம். எழுத்தைக் கலைக்கும் குறிப்பு வேறு, ஒளித்துவைக்கும் குறிப்பு வேறு. கலைக்கும்போது சொற்களைத் தனித்தனியாக எடுத்துக் கலைக்கிறோம். வாடை, பா. தனியாக எடுத்தால் நடுவில் இருந்த ஒற்று தானாக உதிர்ந்துவிடும். ஒளிக்கும்போது சொற்களைப் பிரிப்பதே இல்லை, அச்சில் இருப்பதை இருந்தபடியே வாசிக்கிறோம். அதனால் ‘ப்’ இருக்கிறது. இதில் முரண்பாடே இல்லை.

பென்சில்சீவி (11.09)
அடடா. இந்த விளக்கம் போன மாதம் எங்கே போயிருந்தது? அன்றைக்கு “கணக்கில் சேராது” என்ற ஒற்றை வரிதான் வந்தது. அதாவது, உங்களுக்கு வேண்டுமென்றால் ஒற்று இருக்கும், வேண்டாமென்றால் உதிரும். இதற்கு விதி என்று பெயர் இல்லை, வசதி என்று பெயர்.

இன்னொன்று. இந்தப் புதிரை விடுவிக்கிறவர்களில் பாதிப் பேர் ‘சிரிக்க பல்’ என்றுதான் எழுதுவார்கள். சுவரொட்டியைப் பாருங்கள், டிவியில் ஓடும் வரியைப் பாருங்கள், ஒற்றா இருக்கிறது? அவர்கள் கண்ணுக்கு அந்த ‘ப்’ அழுக்கு மாதிரி. அதை நம்பி விடையைக் கட்டுவது நியாயமா?

ஞாயிறுகாபி (11.13)
சுவரொட்டியில் இல்லை என்பதற்காகப் புதிரிலும் இருக்கக் கூடாதா? 31 வருடம் திருத்தியவர் பேசுகிற பேச்சா இது?

கட்டக்காரன் (11.20)
தவிர, அந்தக் கட்டத்தில் நெடுக்காக வருவது உப்பு. ‘உப்’ வரைக்கும் போட்டவருக்கு ‘ப்’ கையிலேயே இருக்கிறது. தமிழில் கட்டம் போடுகிறவனுக்குத்தான் இந்த வலி தெரியும். மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது, ‘ப்’பில் தமிழ்ச்சொல் முடிவதும் இல்லை, அதனால் ‘ப்’ விழும் கட்டத்தை நெடுக்காக ஒரு சொல்லின் நடுவில்தான் மாட்ட முடியும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. எங்கே போய் முட்டுவது?

பென்சில்சீவி (11.26)
உப்பில் இருக்கும் ‘ப்’ பிறவியிலேயே அதனுடையது. கப்பலில் இருப்பதும் அப்படித்தான். உங்கள் குறிப்பில் இருப்பது மட்டும்தான் வாடகைக்கு வந்தது. வாடகை எழுத்தைச் சொந்த எழுத்து என்று பத்திரம் எழுதுகிறீர்கள்.

புதுசு (11.30)
12 நெடுக்காக?

வெற்றிலைச்செல்லம் (11.41)
நான் ஒன்று சொல்லலாமா? முதலில் விடையைப் பட்டென்று போட்டது யார்? திங்கள் காலை வரை விடை எழுதக் கூடாது என்று இங்கே ஒரு வழக்கம் உண்டு. நான் இன்னும் பாதிகூட முடிக்கவில்லை. ஞாயிறுகாபி ஒவ்வொரு வாரமும் இதையே செய்கிறார்.

ஞாயிறுகாபி (11.44)
ஒவ்வொரு வாரமும் இல்லை. தீபாவளி வாரம் ஊருக்குப் போயிருந்தேன்.

வெற்றிலைச்செல்லம் (11.50)
அந்த வாரம்தான் நிம்மதியாகப் போட்டேன். என்னைக் கேட்டால் நல்ல குறிப்பு என்பது “உச்சி போன சிகரம் கை (3)” மாதிரி இருக்க வேண்டும். சிகரத்தில் ‘சி’யை எடுத்தால் கரம். ஒற்றுமில்லை, வம்புமில்லை.

லண்டன்மாமா (11.58)
மன்னிக்கவும், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. குறுக்காக வந்தது. குறுக்காகப் போகும் சொல்லுக்கு உச்சி ஏது? இடது பக்கம்தான் உண்டு. ‘உச்சி’, ‘அடி’ எல்லாம் நெடுக்காக வரும் விடைக்கு மட்டும்தான்.

வெற்றிலைச்செல்லம் (12.03)
சிகரத்துக்கு உச்சி இல்லையா? லண்டனில் மலை எல்லாம் படுத்திருக்குமா?

தமிழ்மிஸ் (12.06)
அதே குறிப்பில் தகரம், நகரம், மகரம் எதைப் போட்டாலும் தலை போனால் கரம்தான். சிகரம் என்று போட்டதில்தான் அழகு. உச்சி தாராளமாகச் செல்லும்.

லண்டன்மாமா (12.08)
செல்லாது.

கட்டக்காரன் (12.15)
கப்பலைப் பற்றி யாரும் பாராட்டக்கூட வேண்டாம், ‘பத்தில் நடு நாலு’ என்பதையாவது ஒருவர் ஒப்புக்கொள்ளலாம்.

பென்சில்சீவி (12.19)
பத்தா ஒன்பதா என்பதுதானே சண்டையே? ஒன்பதில் கபல் இருக்கிறது. அதற்கு முன்னாலும் மூன்று, பின்னாலும் மூன்று. அதுவும் சரிநடுதான். அதையும் ராத்திரி முழித்தே கண்டுபிடித்தீர்களா?

இன்னும் ஒன்று பாக்கி. பல் வரிசை நடுவே கடலில் போவது என்றால் என்ன காட்சி இது? பல் விளக்கும்போது கடலா வருகிறது? மேலோட்டமாகப் படித்தால் ஓர் அர்த்தம் வர வேண்டாமா? வாடைப் பாவிலாவது கொஞ்சம் காற்று இருந்தது.

கட்டக்காரன் (12.22)
அப்படியென்றால் பாவாடை நல்ல குறிப்பு என்கிறீர்கள்.

பென்சில்சீவி (12.23)
அதில் ஒரு ‘ப்’ கூடுதல் என்கிறேன்.

ஞாயிறுகாபி (12.30)
நான் சாப்பிடப் போகிறேன். சாப்பிடப் என்பதில் உள்ள ‘ப்’பை எண்ணுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

பென்சில்சீவி (12.31)
எண்ணினேன். அது இரண்டு சொல்லுக்கும் சொந்தமில்லை.

புதுசு (12.40)
12 நெடுக்காக யாரும் சொல்லவே இல்லையே?

பென்சில்சீவி (12.42)
தம்பி, அந்தக் குறிப்பிலும் ஓர் ஒற்று இருக்கிறது. முதலில் 7 முடியட்டும்.