‘ஃப்ரீஸ்’: உறைவா, விக்கலா?

ரோஸ் ஹில், தமிழாசிரியை:
மொரீஷியஸின் பல ஊர்களிலும் இருக்கும் அன்பர்களே, தைப்பூச மலருக்கு என் மாலை வகுப்பு மாணவர் ஒருவர் கட்டுரை தந்திருக்கிறார். எபென் சைபர்சிட்டியில் கால் சென்டர் வேலை. அங்கே ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில் ஓடும் டெலிபோன் சர்வர் ஒரு நாளில் மூன்று நான்கு தடவை அப்படியே நின்றுவிடுமாம். இருபது விநாடி கழித்துத் தானாக ஓடுமாம். ‘சர்வர் ஃப்ரீஸ் ஆகிறது’ என்று எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அச்சு. ‘ஃப்ரீஸ்’ என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கொடுங்கள்.

மோக்கா:
அம்மா, தேடவே வேண்டாம்: உறைவு. பால் உறைகிறது, பனி உறைகிறது. குறள் 50இல் ‘வானுறையும் தெய்வம்’ என்றால் தங்குவது. ஓரிடத்தில் நிலைப்பதுதான் உறையின் வேர்ப்பொருள். வாளுறையையும் இதில் சேர்ப்பேன். கத்தி தங்கும் இடம் அல்லவா? தலையணை உறை பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கத்ர் போர்ன்:
ஐயா, தலையணையை அப்புறம் பார்ப்போம். உறைந்த தயிர் மறுபடி பாலாகாது. இந்தச் சர்வரோ திரும்பிவிடுகிறது!

இதில் இரண்டு நோய் இருக்கிறது. ஒன்றில் இரண்டு திரெட் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை இழைகள்), ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதன் பூட்டுக்காகக் காத்திருக்கும். சிபியு சும்மா கிடக்கும், ரீஸ்டார்ட் செய்யாமல் விடியாது. அதற்குப் ‘பூட்டுச்சிக்கல்’ என்று வைக்கலாம். மாணவருடையது அதுவல்ல. ஒவ்வொரு தடவையும் அதே இருபது விநாடி என்பதுதான் துப்பு. நெரிசலால் நின்றால் ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் நாற்பது என்று மாறும். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ் (கணினிப் பெயருக்கு எண்ணைத் தேடித் தரும் சேவை) பதில் சொல்லாவிட்டால் 5 விநாடி காத்திருந்து அடுத்த டிஎன்எஸ் முகவரியைக் கேட்கும். இரண்டு முகவரி, இரண்டு சுற்று: 20 விநாடி. ஆஸ்டரிஸ்க்கின் பழைய சிப் சேனலில் (அழைப்பைத் தொடங்கி முடிக்கும் பகுதி) சிக்னல் வேலையை ஒரே திரெட் பார்க்கிறது. அது பெயர் கேட்கப் போய் வாசலில் நின்றால் புது அழைப்பு எதுவும் நுழையாது. பேசிக்கொண்டிருப்பவர் குரல் வேறு திரெட்டில் போவதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால்தான் மேலதிகாரிகள் நம்புவதில்லை.

நின்ற கணத்தில் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியை வைத்து எல்லாத் திரெட்டின் பேக்டிரேஸையும் (எது எந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியல்) முதலில் எடுக்கட்டும். சொல்லுக்கு என் ஓட்டு ‘விக்கல்’. வரும், போகும், ஆள் சாக மாட்டார்.

மோக்கா:
சாக மாட்டாரா? குறள் 335 படித்தீர்களா? ‘நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்’. அங்கே விக்குள் சாவின் வாசல். தவிர, விக்கினால் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். சர்வரை யார் நினைப்பது?

கத்ர் போர்ன்:
டிஎன்எஸ் நினைத்திருந்தால் விக்கலே வந்திருக்காது ஐயா. குறளிலேயே இருக்கிறதென்றால் தூய்மைக்கும் குறையில்லையே.

போர் லூயி:
எங்கள் வீட்டில் க்ரியோலில் ‘ஃபின் ப்ளொக்கே’ (அடைத்து நின்றுவிட்டது) என்றால் பாட்டி முதல் பேரன் வரை புரியும். ‘சர்வர் ப்ளொக்கே’ என்றே விட்டால் என்ன?

மோக்கா:
ரூபாய் நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியதற்கு 1998இல் எதிர்ப்புக் கிளப்பி நோட்டையே திரும்பப் பெற வைத்த ஊர் இது. ப்ளொக்கேயாம்!

போர் லூயி:
சரி, சரி. விக்கல்.

ரோஸ் ஹில், தமிழாசிரியை:
நேற்று நின்றபோது மாணவர் பேக்டிரேஸ் எடுத்துவிட்டார். டிஎன்எஸ் பெயர் கேட்கும் இடத்தில்தான் நின்றிருக்கிறது. இரண்டு முகவரிகளும் எப்போதோ மூடப்பட்ட பழைய அலுவலகத்தைக் காட்டினவாம். இடையிடையே சில பெயர்களுக்கு மட்டும் அங்கே போய்க் கேட்டிருக்கிறது. மலரில் ‘விக்கல்’ என்று போடுகிறேன். ஐயாவுக்காக முதல் இடத்தில் மட்டும் ‘விக்கல் அல்லது இடையுறைவு’.

மோக்கா:
‘அல்லது’ எதற்கு? இடையுறைவை முன்னால் போடுங்கள். மலர் வந்ததும் இரண்டு பிரதி வேண்டும்.