எம்.ஆர்.டி டிப்ளமோவா, மெடிக்கல் கோடிங்கா? – தண்டையார்பேட்டை தெரு குரூப்

செல்வி அக்கா: எல்லாருக்கும் காலை வணக்கம். பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா. மின்ட் பக்கம் ஒரு இடத்துல எம்.ஆர்.டி, அதாவது ஆஸ்பத்திரி மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் டிபார்ட்மென்ட் வேலைக்கான டிப்ளமோ சேத்துக்கறாங்களாம். நோட்டீஸ்ல "கோடிங் வேலை உறுதி"ன்னு போட்டிருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏழுமலை: ஆஸ்பத்திரில ஃபைல் அடுக்குறதுக்கு இன்னாத்துக்குக்கா டிப்ளமோ 😄

ராஜேந்திரன் சார்: சரி, அடுக்கறதுலயே ஆரம்பிப்போம். ஃபைல் நம்பர் 243567. எங்க வைப்ப?

ஏழுமலை: 243566 பக்கத்துல. இது ஒரு கேள்வியா சார்

ராஜேந்திரன் சார்: சின்ன நர்சிங் ஹோம்ல அப்படி வைக்கலாம். பெரிய ஆஸ்பத்திரில டெர்மினல் டிஜிட் முறை. நம்பர மூணா வெட்டு: 24-35-67. கடைசி 67 தான் முதல்ல பாக்கணும், அது எந்தப் பகுதின்னு சொல்லும். அதுக்குள்ள 35, அதுக்குள்ள 24. பக்கத்துல உக்கார்றது 25-35-67. 00லேர்ந்து 99 வரைக்கும் மொத்தம் 100 பகுதி.

ராஜேந்திரன் சார்: ஏன்னா, நேர் வரிசைல புது ஃபைல் எல்லாம் கடைசி ரேக்லயே குவியும், எடுக்கப் போறவங்களும் அங்கயே முட்டிக்குவாங்க. இதுல 100 பகுதிக்கும் சமமா பரவிடும். "00 டு 24 உன் பொறுப்பு"ன்னு ஆளுக்கு ஆள் பிரிச்சும் குடுக்கலாம். 67ஐ 76னு படிச்சு வச்சா ஃபைல் தொலைஞ்ச மாதிரிதான். அதனாலதான் ஃபைல் முதுகுல இலக்கத்துக்கு ஒரு கலர் ஸ்டிக்கர். பச்சை வரிசைல ஒரு சிவப்பு துருத்திட்டு நின்னா தூரத்துலேர்ந்தே தெரியும். ஃபைல வெளிய எடுத்தா அந்த இடத்துல ட்ரேசர் கார்டு: யாரு எடுத்தாங்க, எந்த வார்டு, என்ன தேதி.

ஏழுமலை: சரி சார் சரண்டர் 🙏

ஃபாத்திமா: செல்விக்கா, நோட்டீஸ்ல இருக்கற "கோடிங்"ங்கற வார்த்தைலதான் சூட்சுமம். கோடிங்னா நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் நம்பர் போடறது. சென்னைல கம்பெனிங்க ஆள் எடுக்கறது பெரும்பாலும் அமெரிக்க இன்ஷூரன்ஸ் பில்லுக்கு. அதுக்கு நோய்க்கு ஐ.சி.டி-10-சி.எம்னு அமெரிக்க கோட், கூடவே சிகிச்சைக்கு சி.பி.டி கோட். நம்ம ஊர் ஆஸ்பத்திரி எம்.ஆர்.டில ஓடறது உலக சுகாதார நிறுவனத்தோட நோய் கோட் பட்டியல் ஐ.சி.டி-10. அண்ணன் தம்பிதான், ஆனா ஒண்ணு படிச்சா இன்னொண்ணு தானா வராது.

செல்வி அக்கா: புரியலயே ம்மா

ஃபாத்திமா: டைப் 2 சுகர்ல கால் புண்ணுன்னு வச்சுக்கோங்க. நம்ம எம்.ஆர்.டில இ11.5, அவ்ளோதான். அமெரிக்க முறைல இ11.621 போடணும், புண்ணு எந்தக் கால்ல, எவ்ளோ ஆழம்னு சொல்ல எல்97ல இன்னொரு கோட் சேக்கணும். 7 எழுத்து வரைக்கும் போவும். ரெக்கார்ட்ஸ் டிப்ளமோ மட்டும் படிச்சிட்டு கம்பெனி இன்டர்வியூ போற பசங்க இங்கதான் திணறுவாங்க.

ராஜேந்திரன் சார்: அதே ஃபைல்ல டாக்டர் வெறும் "டி.எம்"னு (சுகர்தான்) எழுதி, டைப்பும் இல்ல, புண்ணும் குறிக்கலன்னா இ14.9 தான் போட முடியும். டிரெஸ்ஸிங் சார்ட்ட பாத்துட்டு நாமளா இ11.5 போடக்கூடாது. டாக்டருக்கு விளக்கம் கேட்டு க்வெரி அனுப்பி, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டப்புறம் மாத்தணும். ஊகிச்சு கோட் போடறவங்களாலதான் புள்ளிவிவரமே பாழாப் போவுது.

லோகு: மெட்ரோ வாட்டர் லாரி முனைல நிக்குது, குடம் எடுத்துட்டு வாங்க

செல்வி அக்கா: வந்துட்டேன். சார் நீங்க சொல்லுங்க, வந்து படிக்கறேன்.

ராஜேந்திரன் சார்: கோட் தேடற முறைய வாத்தியார் எப்படிச் சொல்லித் தர்றார்னு பாருங்க. ஐ.சி.டி-10 மூணு வால்யூம். மூணாவது அகரவரிசை, ஒண்ணாவது அட்டவணை, ரெண்டாவது விதிமுறை. முதல்ல வால்யூம் 3ல நோயோட பேர்ல தேடணும், உறுப்போட பேர்ல இல்ல. தொடை எலும்பு கழுத்து முறிவுன்னா "ஃப்ராக்சர்"ல போனா எஸ்72.0 கிடைக்கும். அத அப்படியே எழுதிடாம வால்யூம் 1ல திறந்து, கீழ "இது சேராது"ன்னு குறிப்பு இருக்கான்னு பாக்கணும். அப்பால எப்படி அடிபட்டுச்சுன்னு வெளிக்காரண கோட். எண்ணூர் ஹைரோட்ல பைக்லேர்ந்து விழுந்தவருக்கு வி20–வி29க்குள்ள வரும், வீட்ல வழுக்கினா டபிள்யூல வரும். இது விட்டுப்போனா விபத்துக் கணக்கே எடுக்க முடியாது.

ஃபாத்திமா: புக் எந்த வருஷத்துதுன்னும் கேளுங்க அக்கா. பழைய ஜெராக்ஸ்ல டெங்கு ஏ90, ஏ91னு இருக்கும். புது பதிப்புல ஏ97: எச்சரிக்கை அறிகுறி இல்லன்னா ஏ97.0, இருந்தா ஏ97.1, தீவிரம்னா ஏ97.2. ஐ.சி.டி-11 2022லயே நடைமுறைக்கு வந்துடுச்சு. அதப் பத்தி ஒரு பாடம்கூட இல்லன்னா சிலபஸ் பழசு.

மேரி சிஸ்டர்: வார்டு பக்கத்துலேர்ந்து ஒண்ணு. டிஸ்சார்ஜ் ஆன ஃபைல் மறுநாளே எம்.ஆர்.டிக்கு வந்துடணும். அங்க முதல் வேலை கோடிங் இல்ல, குறை பாக்கறது. ஒவ்வொரு தாள்லயும் பேரும் ஐ.பி (உள்நோயாளி) நம்பரும் இருக்கா, கன்சென்ட்ல (சம்மதப் படிவம்) தேதி, நேரம், சாட்சி கையெழுத்து இருக்கா, ஆபரேஷன் நோட்ஸும் அனஸ்தீசியா ஷீட்டும் இருக்கா, டிஸ்சார்ஜ் சம்மரில டாக்டர் கையெழுத்து இருக்கா. அடிக்கடி மாட்டறது கன்சென்ட்தான். கையெழுத்து இருக்கும், எந்த ஆபரேஷன்னு எழுதற இடம் காலியா இருக்கும். பக்கத்து பெட் பேஷன்ட்டோட லேப் ரிப்போர்ட் உள்ள வந்து உக்காந்திருக்கறதும் உண்டு.

ராஜேந்திரன் சார்: 👆 இது கிளாஸ் ரூம்ல வராது. நிஜ ஃபைல் கைல புரண்டாதான் வரும். அதனால செல்வி ம்மா, சேக்கறதுக்கு முன்னாடி முக்கியமாக் கேக்க வேண்டியது ஆஸ்பத்திரி போஸ்டிங். எந்த ஆஸ்பத்திரி, எத்தன மாசம், எம்.ஆர்.டிக்குள்ளயா இல்ல ரிசெப்ஷன்ல டோக்கன் குடுக்கவா? எழுத்துல வாங்குங்க.

செல்வி அக்கா: வந்துட்டேன் சார், படிச்சிட்டேன். கணக்கு நெறய வருமா? அவளுக்குக் கணக்குன்னா அலர்ஜி.

ராஜேந்திரன் சார்: பெருக்கல் வகுத்தல்தான். 200 பெட், 30 நாள், ஆக 6,000. தினம் ராத்திரி 12 மணிக்கு பேஷன்ட் தலை எண்ற சென்சஸ் எல்லாத்தையும் கூட்டினா 4,800னு வருதுன்னா பெட் ஆக்குபன்சி 80 சதவீதம். சராசரி தங்கல் நாளுக்கு வேற கணக்கு: டிஸ்சார்ஜ் ஆனவங்க, இறந்தவங்க எல்லாரும் தங்கின நாளக் கூட்டி, அந்த ஆள் எண்ணிக்கையால வகுக்கணும். தப்பு எங்கன்னா, 5ஆம் தேதி சேந்து 8ஆம் தேதி போனா 4 நாள்னு போட்டுடுவாங்க. 3 தான். சேர்ற நாள் உண்டு, போற நாள் கிடையாது. அன்னிக்கே வந்து அன்னிக்கே போனா மட்டும் 1.

மேரி சிஸ்டர்: சென்சஸ்ல இன்னொரு வம்பு. ராத்திரி 11:50க்கு ஐ.சி.யூவுக்கு மாத்தின பேஷன்ட்ட வார்டும் எண்ணும், ஐ.சி.யூவும் எண்ணும். ட்ரான்ஸ்ஃபர் இன், ட்ரான்ஸ்ஃபர் அவுட் டேலி பண்ணலன்னா கட்டிலுக்கு மேல ஆள் காட்டும் 🙈

ஏழுமலை: சார், பைக் ஆக்சிடென்ட்னா போலீஸ்காரர் வந்து கேட்டா ஃபைல குடுத்துடணுமா?

ராஜேந்திரன் சார்: நல்ல கேள்வி. அது எம்.எல்.சி, அதாவது போலீஸ், கோர்ட் சம்பந்தப்பட்ட கேஸ். மேல முத்திரை குத்தி, பூட்டின அலமாரில தனியா இருக்கும். வாய்மொழியாக் கேட்டா எதுவும் கிடையாது. எழுத்துல கோரிக்கை வாங்கி, நகல் குடுத்து, கையெழுத்து வாங்கணும். ஒரிஜினல் கோர்ட் உத்தரவு இருந்தாதான் வெளிய போவும், அதுவும் சீல் வச்ச கவர்ல. நகல் ஒண்ணு நம்மகிட்ட நிக்கணும். பேஷன்ட்டே கேட்டா 2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். உள்நோயாளி ஃபைல குறைஞ்சது 3 வருஷம் வைக்கச் சொல்றதும் அதே விதிதான். எம்.எல்.சிய அந்தக் கணக்குல கழிக்கக் கூடாது, கேஸ் முடியற வரைக்கும் தொடவே கூடாது.

ராஜேந்திரன் சார்: இறப்புச் சான்று ஃபாரம் 4ம் பாடத்துல இருக்கணும். பகுதி 1ல மேல உடனடிக் காரணம், கீழ போவப் போவ மூல காரணம். செப்டிக் ஷாக், அதுக்குக் கீழ பெரிடோனைடிஸ், அதுக்குக் கீழ அப்பெண்டிசைடிஸ். கணக்குக்கு எடுக்கறது அந்த அடி வரி. வெறும் "கார்டியாக் அரெஸ்ட்"னு வந்தா திருப்பி அனுப்பணும். செத்தா எல்லாருக்கும் இதயம் நிக்கத்தான் செய்யும்.

செல்வி அக்கா: சார், சர்டிஃபிகேட் செல்லுமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ராஜேந்திரன் சார்: "அரசு பதிவு பெற்றது"ன்னு போர்டுல இருந்தா அது சொசைட்டி பதிவாக்கூட இருக்கும், மயங்காதீங்க. பரீட்சை வச்சு சர்டிஃபிகேட் குடுக்கறது யாரு? மருத்துவப் பல்கலையா, அரசு வாரியமா, அவங்களேவா? 2021ல வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டத்துல இந்தத் துறையும் இருக்கு. அதனால இனிமே அங்கீகாரம்தான் முக்கியம்.

ஃபாத்திமா: பொண்ணுக்கு கம்பெனி வேலைதான் வேணும்னா அனாடமியும் மெடிக்கல் டெர்மினாலஜியும் ரெண்டுக்கும் பொது, வீணாப் போவாது. மேல கோடர்களுக்கான சி.பி.சி பரீட்சை எழுதிக்கலாம். ஆஸ்பத்திரி வேலை வேணும்னா டிப்ளமோ, போஸ்டிங்கோட.

செல்வி அக்கா: ஆஸ்பத்திரின்னுதான் சொல்றா. அட்மிஷனுக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் வீட்ல என்ன பண்ணலாம்?

ராஜேந்திரன் சார்: உலக சுகாதார நிறுவனத்தோட ஐ.சி.டி-10 இணையத்துல இலவசமாவே இருக்கு. தினம் பத்து நோய் தேடச் சொல்லுங்க. ஃபைல் வேணும்னா ஏழுமலையோட கேஸ் சிலிண்டர் ரசீது கட்டு இருக்கே, அதுல கடைசி ஆறு இலக்கத்த எடுத்து டெர்மினல் டிஜிட்ல அடுக்கட்டும்.

ஏழுமலை: எடுத்துனு வரேன்க்கா, ஒரு ரசீதுகூட காணாமப் போவக் கூடாது சொல்லிட்டேன்

மேரி சிஸ்டர்: ட்ரேசர் கார்டு வச்சிட்டு எடுக்கச் சொல்லுங்க 😂