கிரகரி வாவிப் பாசி: வெளிநாட்டு உதவி கேட்பதா, வேண்டாமா?

நானுஓயாக்காரன்:
நுவரெலியா கிரகரி வாவியில் பச்சைப் பாசி படர்வது நமக்குப் பழகிப்போன காட்சி. நாமே பார்த்துக்கொள்வோம் என்று இனியும் இருக்க முடியாது. ஜப்பானையோ ஐரோப்பாவையோ அழைத்து முறையான கூட்டுத் திட்டம் போட வேண்டும். போடன்சே ஏரிக்காக ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றும் 1959இல் ஓர் ஆணைக்குழு அமைத்தன. பாசிக்குத் தீனியான பொசுபரசு 1979 வாக்கில் லீட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது, பிறகு 10க்குக் கீழே இறங்கியது.

மரக்கறித் தோட்டம்:
அண்ணே, அது மூன்று நாட்டுக்கும் பொதுவான ஏரி. ஒருவர் கழிவை விட்டால் மற்றவர் தண்ணீர் கெடும், அதனால் சேர்ந்தார்கள். நம் வாவி 1873இல் தலகல ஓயாவை மறித்துக் கட்டியது; வருகிற அழுக்கு முழுக்க நம்முடையதுதான். வெளியார் வந்தால் பாசி அள்ளும் மெஷினும் ஒரு கடனும் வரும். அடியில் சேறு கிடக்கும்வரை அதில் தங்கிய பொசுபரசு திரும்பத் திரும்ப மேலே வந்து பாசிக்குத் தீனி போடும்.

கடைசியில் பழி எங்கள் உரமூட்டை மேல்தான் விழும். 2021இல் திடீரென்று ரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு போட்டவர்கள் பட்ட பாடு நுவரெலியாவுக்கே தெரியும். அந்த வருடம் முடியுமுன் தடையை எடுத்தார்கள், ஆனால் போன விளைச்சல் வரவில்லை.

பேராதனை வாசகி:
உரத்தைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியாது, தம்பி. ஈரி ஏரிக்காக அமெரிக்காவும் கனடாவும் 1972இல் ஒப்பந்தம் செய்தன. நகரக் கழிவுநீரையும் சலவைத்தூள் பொசுபரசையும் குறைத்தார்கள், ஏரி தேறியது. பிறகு வயல்களிலிருந்து வழிந்த பொசுபரசால் பாசி மறுபடி வந்தது. 2014இல் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கும் டொலிடோ நகரில் ஏறக்குறைய 5 லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல நேர்ந்தது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி விடும் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. 1999இல் கண்டி வாவியைப் பச்சையாக்கியதும் இதே இனம்தான்.

நானுஓயாக்காரன்:
அக்கா என் பக்கம்தான் பேசுகிறார். குழாய் வழி வரும் கழிவுநீரை நிறுத்தப் பணம் வேண்டும். கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் ஜப்பான் கடனில்தான் வந்தது. கடன் என்பதற்காக மலக்கழிவை மகாவலியில் விட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்களா?

மரக்கறித் தோட்டம்:
கழிவுநீர்க் குழாய்க்கு என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எங்கள் மண்ணைச் சோதித்து, இவ்வளவு போதும் என்று சொல்ல ஓர் ஆள் வருவதில்லை. தெரியாததால் கோழி எருவும் போடுகிறோம், மேலே ரசாயன உரமும் போடுகிறோம். மழையில் மண்ணோடு சேர்ந்து அதுவும் இறங்குகிறது. ஒரு மண் சோதனைக்கு ஜெர்மனிக்காரர் எதற்கு?

தலவாக்கலை:
வாவிக்கரையிலேயே நின்று பேசுகிறீர்கள். அந்தத் தண்ணீர் நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவுக்கு வந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1991இல் அங்கேயும் இதே பாசி பூத்தது. ஓயாவில் குளிக்கிறதும் துவைக்கிறதும் தேயிலைத் தோட்ட லயத்துச் சனங்கள். மேலே பாசி பூத்திருக்கிறது, இறங்காதீர்கள் என்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்?

போடன்சேக்காரரிடம் கேட்க வேண்டியது மெஷின் இல்லை. தண்ணீரைத் தொடர்ந்து அளந்து, அந்தக் கணக்கை எல்லோருக்கும் காட்டுகிற பழக்கம். வாவியிலும் தலவாக்கலையிலும் மாதா மாதம் பொசுபரசு அளவைத் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதி வையுங்கள். திட்டம் போடுகிற கூட்டத்தில் தோட்டத்து ஆளுக்கும் மரக்கறிக்காரருக்கும் நாற்காலி போடுங்கள்.

மரக்கறித் தோட்டம்:
இதற்கு நான் வருகிறேன். ஹோட்டல் கழிவுநீர்க் குழாய் வாயிலும் அளப்பதாக இருந்தால்.

நானுஓயாக்காரன்:
அளக்கலாம், நல்லது. ஆனால் பலகையில் எண் ஏறிக்கொண்டே போனால் அடுத்து என்ன செய்வீர்கள்? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.