உரத் தொட்டி, மழைமானி, கடற்காற்று: வடசென்னை அரசுப் பள்ளிகளில் செய்து பார்த்தவர்கள் சொல்வது

கொடுங்கையூர், சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பாசிரியர்

இங்கே குப்பைமேடு ஜன்னலைத் திறந்தால் தெரியும். தட்டில் மிஞ்சிய சாதம் எங்கே போகிறது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். அதனால் சத்துணவு மிச்சத்தை உரமாக்குவதில் இருந்தே தொடங்கலாம்.

தினம் 3 கிலோ மிச்சம் விழும் பள்ளிக்கு 200 லிட்டர் ட்ரம் மூன்று வேண்டும். ஒன்று நிரம்ப ஒரு மாதம், நிரம்பியது மக்க இரண்டு மாதம். பழைய ட்ரம் வாங்கும்போது முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கேளுங்கள். ரசாயனம் வந்த ட்ரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். ஊறுகாயோ சமையல் எண்ணெயோ வந்தது நல்லது. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் 10 மி.மீ. ஓட்டை, அடியில் ஆறேழு. செங்கல் மேல் நிறுத்தி, உள்ளே அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தேங்காய் மட்டை. எலி கடித்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும், வெளியே கம்பி வலை சுற்றிக் கட்டுங்கள்.

ஒரு வாளி மிச்சத்துக்கு இரண்டு வாளி காய்ந்த சருகு. பாதாம் மரத்து இலையை முழுசாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து காற்றை அடைக்கும். சாக்கில் கட்டிப் பிள்ளைகளை மிதிக்கச் சொன்னால் நொறுங்கிவிடும்.

சாம்பார் சாதம்தான் பெரிய தலைவலி. குழைந்து களியாகி நடுவில் உருண்டை கட்டும். மேலே பார்த்தால் எல்லாம் மக்கிய மாதிரி கறுப்பாக இருக்கும். உருண்டையை உடைத்தால் உள்ளே வெள்ளையாக, புளித்த வாடையோடு, போட்ட அன்று இருந்தபடியே இருக்கும். அரைமணி நேரம் வடியவிட்டு, தென்னைநார்க் கழிவோடு பிசிறிப் போட்டால் கட்டாது. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள், அப்படியே போட்டால் ஆறு மாதம் ஆனாலும் கிடக்கும்.

வாடையை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம். அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை, கிளற வேண்டும். மூக்கில் சுள்ளென்று அம்மோனியா ஏறினால் சருகு போதவில்லை. கைப்பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். விரலிடுக்கில் ஒழுகினால் ஈரம் அதிகம். பழுப்பு நிறத்தில் கொழுத்த புழு வந்தால் மருந்து அடிக்காதீர்கள். அது பிளாக் சோல்ஜர் ஈயின் புழு, மிச்சத்தைத் தின்று தீர்ப்பதே அதுதான்.

தண்டையார்பேட்டை, அறிவியல் ஆசிரியை

சார், இதோடு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். காய்கறிக் கழிவைப் பாட்டிலில் அடைத்து வாயில் பலூன் மாட்டும் சோதனை எல்லாக் கண்காட்சியிலும் இருக்கும். இரண்டாம் நாள் பலூன் உப்பியதும் "மீத்தேன்" என்று அட்டையில் எழுதிவிடுகிறார்கள். அது தப்பு. முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புத் தெளிநீரில் விட்டால் பால் போல் வெளுக்கும். வெறும் காய்கறி என்றால் கழிவு புளித்து அமிலமாகி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் தலையெடுக்கவே விடாது.

மாட்டுச் சாணம் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கரைத்துப் பாட்டிலில் முக்கால் வரை ஊற்றுங்கள். கழிவு ஒரு கைப்பிடி மட்டும் போதும். முதல் வார வாயுவைத் திறந்துவிட்டுவிட வேண்டும். மீத்தேன் சேர மூன்று நான்கு வாரம் பிடிக்கும். கண்ணாடிப் பாட்டில் கூடாது, யாரும் நெருப்பைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது. நூறு ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். காற்றுப் புகும் ட்ரம்மையும் மூடிய பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு இந்த எண்ணைச் சொன்னால், குப்பைமேட்டின் அடியில் என்ன நடக்கிறது என்பது நாமே சொல்லாமல் புரிந்துவிடும்.

வியாசர்பாடி, கணித ஆசிரியர்

மழைமானியைக் கணக்கு வாத்தியார் கையில் கொடுங்கள், ஏழாம் வகுப்புப் பரப்பளவுப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

2 லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகுவது எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை பாட்டிலின் அடியில். அது மேடுபள்ளமாக இருப்பதால் ஸ்கேல் ஒட்டினால் முதல் சில மில்லிமீட்டர் பொய்யாக வரும். ஸ்கேலே வேண்டாம். விழுந்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து, வாய்ப் பரப்பால் வகுத்துவிடுங்கள். வாய் 10 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 78.5 ச.செ.மீ., ஆகவே 7.85 மி.லி. தண்ணீர் 1 மி.மீ. மழை. விட்டத்தை 9.5 என்று தவறாக எடுத்தால் விடை 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். வெட்டிய வாய் நசுங்கியிருக்கும், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை அளக்கச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது என்பதுதான் நம் பகுதியில் கஷ்டம். பக்கத்துச் சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். அந்த இடம் இல்லாத பள்ளிதான் அதிகம், அப்போது மொட்டைமாடி நடுவில் செங்கல் அணைத்து வையுங்கள். காற்றால் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அதைக் குறித்துக்கொண்டால் போதும். தினமும் கவிழ்க்காவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும்.

வானிலை மையம் காலை 8.30 மணிக்கு அளவெடுக்கிறது. நுங்கம்பாக்கம் அளவோடு ஒப்பிட வேண்டுமானால் நாமும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும். பெருமழை என்றால் பள்ளிக்கு லீவு. முக்கியமான நாளில்தான் நோட்டில் கோடு விழும். அதே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் வீட்டு மாடியிலும் ஒவ்வொரு மானி வைத்துவிடுங்கள். ஒருநாளில் 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல ஒன்று வந்தால் பாட்டில் வழிந்துவிடும், வாளிக்குள் நிறுத்தி வையுங்கள்.

அளவு கிடைத்ததும் மாடிக்குப் போகலாம். 200 ச.மீ. மாடியில் 50 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். ஆவியாகிச் சிதறியது போக 80 சதவீதம் என்றால் 8,000. மெட்ரோ வாட்டர் லாரியில் 9,000 லிட்டர் பிடிப்பதும் உண்டு. பிள்ளைகள் இதைக் கணக்குப் போட்டு முடித்ததும் நேராகப் போய்ப் பார்ப்பது மழைநீர்த் தொட்டிக் குழாய் அடைத்திருக்கிறதா என்றுதான்.

மணலி

காற்றில் உள்ள தூசியை அளக்கும் மானி பற்றிச் சுருக்கமாக. விலை குறைந்த லேசர் சென்சார், காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிவிடும். நம் ஊர் விடிகாலையில் எண் எகிறுவதைக் கண்டு உடனே முடிவுக்கு வராதீர்கள். பக்கத்திலேயே ஈரப்பதமானி வைத்து இரண்டையும் எழுதுங்கள். பி.எம். 2.5 என்னும் நுண்தூசிக்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். ஒரு நிமிட அளவை அதோடு ஒப்பிடக் கூடாது, நாள் முழுக்கச் சராசரி எடுக்க வேண்டும். சத்துணவு அடுப்புக்கும் கேட் பக்கத்துக்கும் தள்ளி மாட்டுங்கள்.

ராயபுரம்

கடலோரப் பள்ளியும் உள்ளே தள்ளி மாதவரம் பக்கப் பள்ளியும் சேர்ந்தால் கடற்காற்றையே பின்தொடரலாம். ஜூனில் பள்ளி திறந்த கையோடு செய்வது நல்லது.

இரண்டு பள்ளி வெப்பமானிகளையும் முதலில் ஒரே வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, இடையில் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். பாதரசம் வேண்டாம், சிவப்பு ஆல்கஹால் வெப்பமானி போதும். காசிமேட்டில் மீன் வரும் தெர்மோகோல் பெட்டியை நன்றாகக் கழுவி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, திறப்பில் நேர் வெயில் விழாதபடி பெரியவர் நெஞ்சு உயரத்தில் மாட்டுங்கள். சுவரில் ஆணியடித்து மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் காட்டும்.

10 மணியில் இருந்து 3 மணி வரை அரைமணிக்கொரு தடவை அளவு. பக்கத்தில் கம்பில் ஒரு ரிப்பன். மேற்கில் இருந்து அடித்த காற்று கிழக்குக்குத் திரும்பும் நேரமும், ஏறிக்கொண்டிருந்த வெப்பம் நிற்கும் நேரமும் ஒன்றாக வரும். கடலோரத்தில் முதலில், மாதவரத்தில் பிறகு. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் உள்ளே இருக்கும் பள்ளிக்குக் கடற்காற்று வராமலே போகலாம். அன்றைய அட்டவணையையும் கிழிக்காமல் வையுங்கள், ஏன் அன்று அவ்வளவு புழுங்கியது என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.