சிங்கப்பூர், மலேசியா பத்து நாள் பயணம்: செலவுக் காசை எப்படிக் கொண்டுபோவது?

உப்புவெளிக்காரி:

வணக்கம். வரும் பாடசாலை விடுமுறையில் நானும் கணவரும், அப்பா அம்மாவுமாக நால்வர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டுச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறோம். விமானச் சீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பணம் கட்டியாயிற்று. சாப்பாடு, போக்குவரத்து, சாமான்கள், பத்துமலைக் கோவில் ஆகியவற்றுக்கான காசை எந்த வடிவில் எடுத்துச் செல்வது என்பதில்தான் வீட்டில் இணக்கமில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டதைக் கண்டதிலிருந்து அப்பா கையிலுள்ள தாளைத் தவிர வேறெதையும் நம்புவதில்லை. ஆகையால் முழுத் தொகையையும் அமெரிக்க டொலராக வாங்கி, அம்மா தைத்த துணிப்பையில் போட்டு, இடுப்பில் கட்டிக்கொண்டே வருவேன் என்கிறார். கணவரோ தம்முடைய கடன் அட்டை ஒன்றே போதும் என்கிறார். என்னிடம் சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டை ஒன்றும் உண்டு. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றார்:

தங்கச்சி, நான் வங்கியொன்றில் நெடுங்காலம் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்தவன். அட்டையா தாளா என்று கேட்பதற்கு முன்னர், காசு எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். காசு மாற்றும் கடையின் பலகையில் டொலரை வாங்கும் விலை 298, விற்கும் விலை 307 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் 307க்கு வாங்கிப் போய், செலவழியாமல் மிஞ்சியதை 298க்குத் திருப்பிக் கொடுத்தால், எதையும் வாங்காமலே டொலருக்கு 9 ரூபாய் போய்விடும். அமெரிக்க டொலரைச் சிங்கப்பூர் டொலராக்கி, அதில் மிஞ்சியதை மலேசிய ரிங்கிட்டாக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் இதே கதைதான். ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் வேண்டியதை அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

இலங்கை ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். எடுக்கும் கடைகள் சில இருந்தாலும் விலை மிகக் குறைவாகவே கிடைக்கும். டொலரை உங்கள் வங்கியிலோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ கடவுச்சீட்டையும் விமானச் சீட்டையும் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். புறப்படுமுன் கொழும்பில் ஒரு பகல் தங்குவதாயின் கோட்டைப் பக்கத்திலும் வெள்ளவத்தையிலும் நாலைந்து கடைகளின் பலகைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். டொலருக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறோம் என்று வாசலில் நின்று கூப்பிடுகிறவரிடம் மட்டும் போக வேண்டாம். கள்ளத்தாள் அகப்பட்டாலும் முறையிட இடமிராது.

கடன் அட்டையைக் கடையில் கொடுப்பது வேறு, அதை ஏ.ரி.எம்மில் போட்டுக் காசு எடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஓடும். காசு எடுக்கத்தான் வேண்டுமென்றால் உங்கள் டெபிட் அட்டையால் எடுங்கள்; அடிக்கடி சிறிது சிறிதாக எடுக்காமல், ஓரளவு பெரிய தொகையாக ஓரிரு தடவை எடுப்பதே இலாபம்.

மட்டிக்களி அக்கா:

தாளை நம்புகிற அப்பாவுக்கு என் அனுபவத்தைச் சொல்லுங்கள். பினாங்கின் ஜோர்ஜ் ரவுணில் ஒரு காசு மாற்றும் கடையில் நான் ஐந்து 100 டொலர் தாள்களை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இரண்டை விரலால் தள்ளி என்னிடமே திருப்பி விட்டார். ஒன்றின் வெள்ளை ஓரத்தில் இலங்கையில் யாரோ தாள்கட்டை எண்ணும்போது நீலப் பேனாவால் 20 என்று எழுதியிருந்தார்கள். மற்றது நீல நாடா இல்லாத, 2013இல் புது வடிவம் வருவதற்கு முந்திய தாள். அமெரிக்காவில் அவை செல்லுபடியானவைதான், ஆனால் வாங்க மாட்டேன் என்கிற கடைக்காரரிடம் சட்டம் பேசி என்ன பயன்? மூன்றாவது கடையில் குறைந்த விலைக்குத்தான் எடுத்தார்கள். வாங்கும்போதே மடிப்பு, கிழிசல், மை, முத்திரை எதுவும் இல்லாத புதுத் தாளாகக் கேட்டு வாங்குங்கள். 100 டொலர் தாளுக்கு நல்ல விலை தருகிற கடைகள் சில 5, 10 டொலர் தாள்களுக்குக் குறைத்தே தருவதையும் கவனித்தேன். முழுவதையும் ஒரே இடுப்பில் கட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பை போனால் பயணமே போனது.

செரங்கூனில் ஒரு திருமலையான்:

பல வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். உப்புவெளி அக்கா, உங்கள் கணவர் சொல்வது சிங்கப்பூருக்குப் பெரும்பாலும் பொருந்தும், ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார். ரயிலிலும் பேருந்திலும் விசா, மாஸ்டர் அடையாளமுள்ள வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம். எனினும் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு நால்வரும் உள்ளே போக முடியாது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ரயில் நிலையத்தில் ஈஸி லிங்க் பயண அட்டை வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று, இதில்தான் நம்மவர் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் அட்டையைப் போட்டதும் சிறு திரையில் இலங்கை ரூபாயிலா சிங்கப்பூர் டொலரிலா என்று கேட்கும். பழகிய காசாயிற்றே என்று ரூபாயைத் தொட்டால், மாற்று விலையை உங்கள் வங்கி தீர்மானிக்காது; கடைக்காரரின் பக்கத்து நிறுவனமே தன் இலாபத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும். எப்போதும் அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யுங்கள். மலேசியாவில் ரிங்கிட், ஏ.ரி.எம்மிலும் அப்படியே.

பத்துமலையில் 272 படி ஏறி இறங்கி இளநீர் குடிக்கும்போது அட்டை உதவாது. 1, 5, 10 ரிங்கிட் தாள்கள் கையில் இருக்கட்டும். சிங்கப்பூரில் மிச்சக் காசில் புரூணை டொலர் வந்தால் பதற வேண்டாம், 1967 முதல் அது சிங்கப்பூர் டொலருக்குச் சமமாகவே இங்கே செல்லும்.

உப்புவெளிக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பாதிக்கும் குறைவான தொகையைப் புது டொலர் தாள்களாக வாங்கி அப்பாவிடமும் என்னிடமுமாகப் பிரித்து வைப்பது, மற்றதை அட்டையில் செலவழிப்பது என்று முடிவாயிற்று. அப்பா நேற்றே அலமாரியிலிருந்த பழைய 20 டொலர் தாளொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு சந்தேகம் மட்டும்: அட்டையைப் பாவிக்கும்போது கைப்பேசிக்கு வரும் இரகசிய இலக்கம் வெளிநாட்டில் வருமா?

பாலையூற்றார்:

கடையில் அட்டையை நேரே செருகினால் பின் (PIN) இலக்கமோ கையொப்பமோதான் கேட்பார்கள். இணையத்தில் சீட்டு எடுத்தால் அந்த இலக்கம் உங்கள் இலங்கை எண்ணுக்கே வரும். ஆகையால் இங்கிருக்கும்போதே வெளிநாட்டிலும் அந்த எண் இயங்குவதற்கான ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். அட்டைகள் வெளிநாட்டில் இயங்கும்படி வங்கியிடம் சொல்லிவையுங்கள். டெபிட் அட்டையில் விசா அல்லது மாஸ்டர் அடையாளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் அங்கே வேலை செய்யும் என்று நம்பிப் போக வேண்டாம்.