குழல் விட்டமும் குண்டின் விட்டமும்: ஓர் ஐயம்

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாக ஓடும் மேடுகளுக்கு இடையே அளந்தால் ஓர் அளவும், பள்ளங்களுக்கு இடையே அளந்தால் சற்றே பெரிய அளவும் கிடைக்கும் என்பதும், குண்டின் விட்டம் பள்ளத்தின் அளவோடு ஒத்திருக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரிகிறது. 7.62 மி.மீ. நேட்டோ குழலில் மேட்டளவு 0.300 அங்குலம் (அதாவது 7.62 மி.மீ.), குண்டு 0.308 அங்குலம், கணக்கு சரியாக வருகிறது. ஆனால் 0.223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையில் குண்டு 0.224 அங்குலம், மேட்டளவோ 0.219, பெயர் இரண்டிலும் சேரவில்லை. (பெயர் வைத்தவருக்கு அளவுகோல் மீது என்ன கோபமோ!) 8 மி.மீ. மவுசர் தோட்டா வகையில் முதலில் 0.318 அங்குலமாக இருந்த குண்டு பின்னர் 0.323 ஆனதால், பழைய குழலில் புதிய குண்டைச் சுடுவது அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும் என்று அறிவேன். அளவைக் குறிக்கும் முத்திரை அழிந்த பழைய ரைபிளில், மென்மையான ஈயத்துண்டைக் குழலில் செலுத்தி அச்செடுத்து அளந்தால் போதுமா, தோட்டா அறையையும் வார்ப்பெடுத்துப் பார்க்க வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.